ஆர்டிஎக்ஸ் 4070 வந்துவிட்டது. ரைசன் 2600-க்குப் பதிலாக எதைப் போடுவது?

நொய்யல் (கோயம்புத்தூர்) எழுதியது:

வணக்கம். ஆறு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கணினி ஒன்று என்னிடம் இருக்கிறது. ரைசன் 5 2600 ப்ராசசர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி வீதம் இரண்டு டிடிஆர்4 3200 ரேம், 550 வாட் பவர் சப்ளை. (செயலி என்று எழுதத்தான் ஆசை. ஆனால் இப்போது அந்தச் சொல்லைக் கேட்டால் எல்லாரும் கைப்பேசி ஆப்பை நினைத்துக்கொள்கிறார்கள் என்பதால் ப்ராசசர் என்றே எழுதுகிறேன்.) இத்தனை நாளும் கணினி ஆட்டங்களை ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் கார்டில் ஓட்டிக்கொண்டிருந்தேன். சென்ற மாதம் அதைக் கழற்றிவிட்டு ஆர்டிஎக்ஸ் 4070 பொருத்தினேன். கூடவே 27 அங்குலத்தில் 1440பி, 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒன்றும் வாங்கினேன்.

எதிர்பார்த்த மாற்றம் பாதி ஆட்டங்களில்தான் வந்தது. சைபர்பங்க் 2077-இல் காட்சியின் அழகு கூடியிருக்கிறது, ஆனால் கூட்டம் நிறைந்த சந்தைப் பகுதிக்குள் நுழைந்ததும் ஆட்டம் திக்கித் திணறுகிறது. பால்டர்ஸ் கேட் 3-இன் மூன்றாம் பாகத்தில் வரும் நகரத்தில், பழைய கார்டில் எப்படி இருந்ததோ ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது. கவுன்டர் ஸ்ட்ரைக் 2-இல் ஃபிரேம் எண்ணிக்கை (நொடிக்கு எத்தனை படம் என்பது) 165-ஐத் தாண்டினாலும் நிலைத்து நிற்பதில்லை. புகைக்குண்டு விழும் நேரமாகப் பார்த்து இறங்கிவிடுகிறது.

உள்ளூர்க் கடை ஒன்றில் கேட்டபோது, இந்தக் கார்டுக்கு இந்தப் ப்ராசசர் ஈடு கொடுக்காது, மொத்தத்தையும் மாற்றிவிடுங்கள் என்றார்கள். இணையத்தில் இரண்டு பெயர்களையும் கொடுத்தால் பொருத்தம் சொல்லும் தளம் ஒன்று ஏதோ ஒரு சதவீதத்தைக் காட்டி என்னைப் பயமுறுத்தியது. என் கையில் இருப்பது 20,000 ரூபாய். இதே மதர்போர்டில் இன்னொரு ப்ராசசரைப் போடுவதா, போர்டையும் ரேமையும் சேர்த்து மாற்றி, ரைசன் தயாரிக்கும் ஏஎம்டியின் புதிய சாக்கெட்டான (ப்ராசசர் உட்காரும் இடம்) ஏஎம்5-க்குப் போவதா என்று தெரியவில்லை.


சில்லுக்கடை (சென்னை) எழுதியது:

ரிச்சி தெருவில் பல ஆண்டுகள் கணினி பூட்டிக் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நாடி பிடித்துப் பார்க்காமல் மருந்து எழுத வேண்டாம். கடைக்காரர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் அவர் உங்கள் கணினியை ஓட்டிப் பார்த்துச் சொல்லவில்லை.

ஓர் உணவகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் எடுத்துச் சீட்டு எழுதுபவர் ப்ராசசர். கல்லுக்கு முன் நிற்கும் தோசை மாஸ்டர் கிராஃபிக்ஸ் கார்டு. திரையில் தோன்றும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு சீட்டு வேண்டும். எந்தப் பாத்திரம் எங்கே நிற்கிறது, எந்தக் கதவு திறந்திருக்கிறது, எதையெல்லாம் வரைய வேண்டும் என்று ப்ராசசர் எழுதிக் கொடுத்தால்தான் கார்டு வரையத் தொடங்கும். ரெசல்யூஷனைக் கூட்டுவது தோசையைப் பெரிதாக்குவது போன்றது: மாஸ்டருக்கு வேலை கூடும், ஆனால் சாதா தோசை என்று எழுதினாலும் பேப்பர் ரோஸ்ட் என்று எழுதினாலும் சீட்டு எழுத ஆகும் நேரம் ஒன்றுதான். நீங்கள் செய்திருப்பது, சீட்டு எழுதுபவரை அப்படியே வைத்துக்கொண்டு மாஸ்டரை மட்டும் மாற்றியது. சில ஆட்டங்களில் அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார் என்று சந்தேகிக்கிறேன், ஆனால் சந்தேகம் போதாது.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரை நிறுவி, கார்டின் பயன்பாட்டுச் சதவீதமும் ஃபிரேம் எண்ணிக்கையும் திரையின் மூலையில் தெரியும்படி வையுங்கள். ஃபிரேமை மானிட்டரின் வேகத்தோடு கட்டிவைக்கும் வி-சிங்க்கையும், ஃபிரேம் வரம்பு ஏதேனும் வைத்திருந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள். வரம்பு இருந்தால் கார்டு ஓய்வெடுப்பது போலத் தெரிந்து, பழி ப்ராசசர் மேல் விழும். பிறகு, எந்த இடத்தில் திணறுகிறதோ அதே இடத்தில், அதே சேமிப்பிலிருந்து தொடங்கி, அதே தெருவில் ஒரு நிமிடம் நடந்து பாருங்கள். மூன்று முறை செய்யுங்கள். அடுத்து டிஎல்எஸ்எஸ்-ஐ (சிறிதாக வரைந்து திரைக்கேற்பப் பெரிதாக்கும் வசதி) குவாலிட்டியிலிருந்து பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றி மீண்டும் நடங்கள். 1440பி திரையில் பெர்ஃபார்மன்ஸ் என்றால் கார்டு உண்மையில் வரைவது 720பி அளவுக்குத்தான். அப்படித் தோசையைச் சிறிதாக்கியும் எண்ணிக்கை கூடவில்லை என்றால் தாமதம் சீட்டில் இருக்கிறது. கூடினால் தாமதம் கல்லில் இருக்கிறது; அப்போது ப்ராசசருக்குச் செலவிடும் பணம் வீண்.

இன்னொன்று, டாஸ்க் மேனேஜரில் ப்ராசசர் 50 சதவீதம்தான் ஓடுகிறது, எனவே அதில் குறையில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். உங்கள் 2600-இல் 12 த்ரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசைகள்) உள்ளன. ஆட்டத்தின் முதன்மை த்ரெட் ஒன்று முழு மூச்சாக ஓடினாலும் மொத்தக் கணக்கில் அது 8 சதவீதமாகத்தான் தெரியும்.


அடுக்குமல்லி (மதுரை) எழுதியது:

சில்லுக்கடை அண்ணன் சொல்லும் சோதனைகளைச் செய்வதில் தவறில்லை, ஆனால் விடை என்னவோ தெரிந்ததுதான். 2600 என்பது 2018 ஏப்ரலில் வந்த சரக்கு. உங்கள் போர்டில் உள்ள ஏஎம்4 சாக்கெட் 2016-இல் தொடங்கியது. அதில் இனி பெரிதாக எதுவும் வரப்போவதில்லை. ஏஎம்5-ஐ 2027 வரையேனும் தொடர்வோம் என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. இப்போது 20,000-ஐ முடிவுக்கு வந்த சாக்கெட்டில் போடுவதைவிட, இன்னும் ஆறு மாதம் பொறுத்து, ஒரு பி650 போர்டு, ரைசன் 5 7600, 32 ஜிபி டிடிஆர்5 என்று அடித்தளத்தையே மாற்றிக்கொள்வது நல்லது. வாடகை வீட்டுக்கு மார்பிள் போடுவானேன்?


பொருநை (திருநெல்வேலி) எழுதியது:

முதலில் அந்தப் பொருத்தம் பார்க்கும் தளத்தை மறந்துவிடுங்கள். கார்டுக்கும் ப்ராசசருக்கும் இடையில் நிலையான பொருத்தம் என்று ஒன்று கிடையாது. அதே இரண்டு பாகங்கள் ஓர் ஆட்டத்தில் கார்டுக்காகக் காத்திருக்கும், இன்னோர் ஆட்டத்தில் ப்ராசசருக்காகக் காத்திருக்கும், ஒரே ஆட்டத்தின் காட்டுப் பகுதியிலும் நகரப் பகுதியிலும் இடம் மாறிக்கொள்ளும். இரண்டு பெயர்களை மட்டும் வாங்கிக்கொண்டு ஒற்றைச் சதவீதம் சொல்பவர் ஜாதகம் பார்க்கிறார்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த ஆட்டத்தில், இந்த மானிட்டரில், நொடிக்கு எத்தனை ஃபிரேம் வேண்டும்? 60 போதும் என்றால் ஒரு சீட்டை எழுதி முடிக்க 16.7 மில்லிநொடி அவகாசம் இருக்கிறது. 165 வேண்டும் என்றால் 6 மில்லிநொடிதான். எந்தப் ப்ராசசர் வேண்டும் என்பதை இந்த அவகாசம்தான் முடிவு செய்கிறது. 4070-க்கு அதில் நேரடிப் பங்கு குறைவு.

அடுக்குமல்லியின் உவமைக்கு ஒரு பதில்: சொந்த வீடு கட்டப் பணம் இல்லாதவர் வாடகை வீட்டில் மின்விசிறியாவது மாட்டிக்கொள்ளலாம் அல்லவா?


நொய்யல் எழுதியது:

இரண்டு நாளாக இதே வேலையாக இருந்தேன். முதலில் வெட்கத்துடன் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ரேம் 3200 என்று வாங்கினேனே தவிர, போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில், ரேமை முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி ஒருபோதும் இயக்கப்படவில்லை. ஆறு ஆண்டுகளும் 2133-இல் ஓடியிருக்கிறது. பூட்டிக் கொடுத்தவர் விட்டிருக்கிறார், நானும் திறந்து பார்க்கவில்லை. 3200-க்கு மாற்றினால் அவ்வப்போது கணினி தானாக மறுதொடக்கம் ஆகிறது, 2933-இல் அமைதியாக ஓடுகிறது. அந்த மாற்றத்துக்கே பால்டர்ஸ் கேட் நகரத்தில் சராசரி 34-இலிருந்து 38 ஆயிற்று, காசு செலவில்லாமல்.

மற்ற முடிவுகள் எல்லாம் 2933 ரேமில் எடுத்தவை. சைபர்பங்க் சந்தையில், ரே டிரேசிங் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரைவது) இல்லாமல், டிஎல்எஸ்எஸ் குவாலிட்டியில் சராசரி 58. பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றினால் 59. இரண்டிலும் கார்டின் பயன்பாடு 60 சதவீதத்தைத் தாண்டவில்லை. அதே இடத்தில் ரே டிரேசிங்கின் மிகக் கனமான வடிவமான பாத் டிரேசிங்கை இயக்கினால் சராசரி 45 ஆகிறது, கார்டு 98 சதவீதத்துக்கு ஏறிவிடுகிறது. பால்டர்ஸ் கேட்டில் ரெசல்யூஷனை எவ்வளவு குறைத்தாலும் அதே 38. கார்டு பாதி நேரம் சும்மா இருக்கிறது. கவுன்டர் ஸ்ட்ரைக்கில் சராசரி 170, ஆனால் மெதுவான ஒரு சதவீத ஃபிரேம்களின் கணக்கு 80-க்கு வந்துவிடுகிறது.


சில்லுக்கடை எழுதியது:

அருமையான சோதனை. 2933-இல் நிற்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். 2600-க்கு ஏஎம்டி உறுதி கொடுத்த வேகமே அதுதான். அதே ரேம் புதிய ப்ராசசரில் 3200-இல் ஓட நல்ல வாய்ப்பு உண்டு. எனவே ரேமை இப்போது மாற்ற வேண்டாம்.

முடிவுகள் சொல்வதைக் கவனியுங்கள். பாத் டிரேசிங் போட்டு விளையாடுவதே உங்கள் வழக்கம் என்றால் எந்தப் ப்ராசசரை வாங்கினாலும் அந்த 45 பெரிதாக நகராது, ஏனென்றால் அங்கே தாமதம் கல்லில்தான். மற்ற மூன்றிலும் சீட்டு தாமதம் என்பது ஐயமறத் தெரிகிறது. 38 ஃபிரேம் என்றால் ஒரு சீட்டுக்கு 26 மில்லிநொடி. சராசரியைவிட அந்த ஒரு சதவீதக் கணக்குதான் கைக்குத் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். 170-இல் ஓடுவது திடீரென்று 80-க்கு விழும்போது ஏற்படும் குலுக்கல், ஒரே சீராக 100-இல் ஓடும்போது இருக்காது.

சைபர்பங்க்கில் கூட்டத்தின் அடர்த்தியைக் குறைக்கும் அமைப்பு ஒன்று உண்டு. வாங்கும் வரை அதைக் குறைத்து வைத்து விளையாடலாம்.


பொருநை எழுதியது:

இப்போது எதை வாங்குவது என்பதற்கு வருகிறேன். 2600 ஏன் திணறுகிறது என்று தெரிந்தால் தேர்வு எளிதாகும்.

அதன் ஆறு கோர்களும் (கணக்குப் போடும் அலகுகள்) மூன்று மூன்றாக இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டவை. ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகமான 16 எம்பி எல்3 கேஷும் குழுவுக்கு 8 எம்பி என்று பிரிந்து கிடக்கிறது. ஒரு குழுவில் இருக்கும் கோருக்கு அடுத்த குழுவின் கேஷில் உள்ள தகவல் வேண்டுமென்றால் சுற்றிக்கொண்டு போக வேண்டும். தேடியது 8 எம்பிக்குள் இல்லாவிட்டால் ரேம் வரை நடக்க வேண்டும். உங்கள் ரேமின் வேகத்தைக் கூட்டியதும் பால்டர்ஸ் கேட்டில் பலன் தெரிந்ததற்குக் காரணம் இதுதான். நகரம் முழுக்க நடமாடும் மனிதர்களைக் கணக்கிடும் ஆட்டங்கள் நினைவகத்தைத் தாறுமாறாகத் தொட்டுக்கொண்டே இருப்பவை. 2020-இன் இறுதியில் வந்த ஜென் 3 வடிவமைப்பில் எட்டுக் கோர்கள் வரை ஒரே குழுவாகி, 32 எம்பி கேஷைப் பொதுவில் வைத்துக்கொண்டன. ஒரே கடிகார வேகத்தில் முந்தைய தலைமுறையைவிட 19 சதவீதம் கூடுதல் வேலை என்று ஏஎம்டி அப்போது சொன்னது ஜென் 2-உடன் ஒப்பிட்டு. உங்களுடையது அதற்கும் முந்தையது.

பிறகு 2022 ஏப்ரலில் வந்த 5800எக்ஸ்3டி-யில் ப்ராசசரின் மேலேயே இன்னொரு 64 எம்பி கேஷை மாடி கட்டுவது போல அடுக்கி, மொத்தம் 96 எம்பி ஆக்கினார்கள். 2024 ஜனவரியில் வந்த 5700எக்ஸ்3டி அதே வடிவம்தான், உச்ச வேகம் 4.1 கிகாஹெர்ட்ஸாகக் குறைக்கப்பட்டது. வெளியீட்டின்போது முன்னதற்கு 449 டாலர், பின்னதற்கு 249 டாலர்.

எனவே உங்கள் போர்டில் பார்க்க வேண்டியவை மூன்று. 5600: ஆறு கோர், 32 எம்பி, 65 வாட். 5700எக்ஸ்: எட்டுக் கோர், அதே 32 எம்பி, 65 வாட். 5700எக்ஸ்3டி: எட்டுக் கோர், 96 எம்பி, 105 வாட். விளையாட்டை மட்டும் பார்த்தால் 5600-க்கும் 5700எக்ஸ்-க்கும் பெரிய வேறுபாடு இல்லை. காணொளித் தொகுப்பு போன்ற வேலை இருந்தால்தான் இரண்டாவது. ஆகப் போட்டி 5600-க்கும் 5700எக்ஸ்3டி-க்கும்.

பெயர்களில் உள்ள பொறியைப் பற்றி எச்சரிக்காமல் விட முடியாது. 5700 என்று வெறுமனே ஒன்று விற்கிறது. அது 5700எக்ஸின் தம்பி அல்ல. 5700ஜி-யில் உள்ளமைந்த கிராஃபிக்ஸை முடக்கி வந்தது, கேஷ் 16 எம்பிதான். 5500-ம் 5600ஜி-யும் அதே குடும்பம். 5600-க்குப் பக்கத்தில் பெயர் இருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது. இப்படிப் பெயர் வைத்தவர்களை நான் மன்னிக்கவில்லை. பில் போடும்போது எழுத்து எழுத்தாகப் படியுங்கள்.


அடுக்குமல்லி எழுதியது:

சரி, ஏஎம்5 இப்போதைக்கு வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் 5600 போதும். விலை ஏறத்தாழப் பாதி, பெட்டியிலேயே கூலரும் வருகிறது. மீதிப் பணத்தை எடுத்து வைத்தால் ஏஎம்5-க்கான முதல் தவணை ஆயிற்று. மேலும், 4070-இல் ஃபிரேம் ஜெனரேஷன் இருக்கிறதே; ப்ராசசர் தராத ஃபிரேமைக் கார்டே உருவாக்கிக்கொள்ளும்போது எக்ஸ்3டி எதற்கு?


பொருநை எழுதியது:

ஃபிரேம் ஜெனரேஷன் சீட்டில்லாமல் தோசை சுடும் வித்தைதான், மறுக்கவில்லை. ஆனால் அது அடுத்தடுத்து வந்த இரண்டு உண்மையான ஃபிரேம்களுக்கு இடையில் ஒன்றைச் செருகுகிறது. அதற்காக இரண்டாவது ஃபிரேமைச் சற்று நிறுத்தி வைக்கிறது. சுட்டியை அசைத்ததற்குத் திரை பதில் சொல்லும் நேரம் அதனால் குறைவதில்லை, சற்றே கூடுகிறது. 38-ஐ 70 போலக் காட்டலாம், கைக்கு அது 38-ஆகத்தான் இருக்கும். ப்ராசசர் திணறும் கணத்தில் ஏற்படும் குலுக்கலும் அப்படியே இருக்கும். ஏற்கெனவே 70, 80-இல் ஓடுவதை மேலும் வழவழப்பாக்க அது நல்ல கருவி. ப்ராசசருக்கு மாற்று அல்ல. கவுன்டர் ஸ்ட்ரைக்கில் அந்த வசதியே இல்லை.

5600 போதும் என்ற கருத்தை மதிக்கிறேன். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருப்பவர் கேட்டிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். நொய்யலின் மூன்று ஆட்டங்களில் இரண்டு கேஷுக்காக ஏங்குபவை. அவர் பயன்படுத்துவது என்விடியா கார்டு என்பதும் உண்டு: டைரக்ட்எக்ஸ் 12 ஆட்டங்களில் என்விடியா டிரைவர் ப்ராசசரிடம் கூடுதல் வேலை வாங்குகிறது என்பதை 2021-இல் ஹார்ட்வேர் அன்பாக்ஸ்டு குழுவினர் பழைய ரைசன்களைக் கொண்டே விரிவாகக் காட்டினார்கள்.


பனங்காடு (யாழ்ப்பாணம்) எழுதியது:

இழையின் நடுவே புகுவதற்கு மன்னிக்க வேண்டும். என்னுடைய கணனியில் இன்டெல் ஐ5 8400 உள்ளது, ஆர்டிஎக்ஸ் 4060 வாங்கலாம் என்று எண்ணுகிறேன். நொய்யல் அண்ணாவுக்கு வந்த சிக்கல்தான் எனக்கும் வருமா? 13-ஆம் தலைமுறை ஐ7 ஒன்று பாவித்த நிலையில் மலிவாகக் கிடைக்கிறது, போர்ட்டையும் சேர்த்து மாற்றிவிடலாமா?


சில்லுக்கடை எழுதியது:

பனங்காடு, வரும். 8400-இல் ஆறு கோர்கள் இருந்தாலும் ஹைப்பர்த்ரெட்டிங் இல்லாததால் ஆறே த்ரெட்கள்தான். புதிய ஆட்டங்களில் ஆறும் நிரம்பி, பின்னணியில் ஒரு வேலை வந்தாலும் குலுங்கும். தவிர, 4060 போர்டோடு பேச எட்டு லேன்களை (தகவல் தடங்களை) மட்டுமே பயன்படுத்தும் கார்டு. உங்கள் போர்டின் இணைப்பு பழைய பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 என்பதால் வழியின் அகலம் பாதியாகிவிடும். கார்டின் 8 ஜிபி நினைவகம் நிரம்பாதவரை அது பெரிதாகத் தெரியாது, நிரம்பி வழியும்போது நன்றாகத் தெரியும். நொய்யலின் 4070 பதினாறு லேன்களையும் பயன்படுத்துவதால் அவருடைய பி450 போர்டும் 3.0 தான் என்றாலும் பாதிப்பு சொற்பம்.

பழைய 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் வாங்கும்போது எச்சரிக்கை தேவை. மின்னழுத்தக் கோளாறால் அவற்றில் பல காலப்போக்கில் பழுதடைந்ததை இன்டெல்லே ஒப்புக்கொண்டு, 2024 ஆகஸ்ட் முதல் மைக்ரோகோட் (ப்ராசசருக்குள் ஓடும் அடிப்படை நிரல்) திருத்தங்கள் கொடுத்து, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. அந்தத் திருத்தம் இனி வரும் சேதத்தைத் தடுக்கும். முன்பே பழுதானதைச் சரிசெய்யாது. முதல் உரிமையாளர் எப்படி ஓட்டினார் என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை. தனி இழை தொடங்குங்கள், விரிவாகப் பேசலாம்.


நொய்யல் எழுதியது:

5700எக்ஸ்3டி என்று முடிவு செய்துவிட்டேன். அடுக்குமல்லி சொல்லும் கணக்கை இரண்டு இரவு போட்டுப் பார்த்தேன். ஏஎம்5-க்கு நான் நகர எப்படியும் நான்கு ஆண்டுகள் ஆகும். அதற்குள் இரண்டு முறை மாற்றுவதைவிட இப்போதே இந்த சாக்கெட்டின் உச்சிக்கு அருகே போய்விடுவது எனக்குச் சரியாகப் படுகிறது. ப்ராசசரை மாற்றும் வேலையை இதுவரை நானாகச் செய்ததில்லை. எதில் கவனமாக இருக்க வேண்டும்? பவர் சப்ளை 550 வாட் போதுமா?


சில்லுக்கடை எழுதியது:

முதல் வேலை பயாஸ். பழைய 2600 உள்ளே இருக்கும்போதே புதுப்பித்துவிட வேண்டும், இல்லையென்றால் புதியதைப் போட்டபின் திரை கறுப்பாகவே இருக்கும். போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் ப்ராசசர் ஆதரவுப் பட்டியல் இருக்கும். அதில் 5700எக்ஸ்3டி-க்கு நேராக எந்தப் பதிப்பு எழுதியிருக்கிறதோ அதுவோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். (400 வரிசைப் போர்டுகளுக்கு ஜென் 3 கிடையாது என்று 2020 மே மாதத்தில் ஏஎம்டி அறிவித்ததும், பயனர்கள் கூச்சலிட்டதால் சில நாள்களிலேயே இறங்கி வந்ததும் நினைவிருக்கலாம். அந்தக் கூச்சலின் பலனைத்தான் இன்று நீங்கள் அனுபவிக்கப்போகிறீர்கள்.) பயாஸ் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் போர்டு கட்டையாகிவிடும், யுபிஎஸ் இல்லாவிட்டால் மின்தடை அறிவிக்கப்படாத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள்.

விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கர் இயக்கத்தில் இருந்தால் அதன் மீட்புச் சாவியை முன்கூட்டியே தாளில் எழுதி வையுங்கள். ப்ராசசருக்குள் இருக்கும் டிபிஎம் (பூட்டின் சாவியைக் காக்கும் பகுதி) மாறுவதால் முதல் தொடக்கத்தில் டிபிஎம்-ஐ அழித்துப் புதிதாக்கட்டுமா என்று போர்டு கேட்கும். சாவி இல்லாமல் சரி என்று அழுத்தியவர்களின் கண்ணீரைப் பார்த்திருக்கிறேன்.

கழற்றும்போது நேராக மேலே இழுக்காதீர்கள். ஏஎம்4-இல் ஊசிகள் ப்ராசசரில் இருக்கின்றன. சூடு கடத்தப் பூசிய பேஸ்ட் காய்ந்துபோய்க் கூலரோடு ஒட்டிக்கொண்டு ப்ராசசரையே சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். பத்து நிமிடம் ஓர் ஆட்டத்தை ஓட்டிச் சூடேற்றி, அணைத்து, மின்கம்பியை உருவிவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி, பிடி தளர்ந்தபிறகு எடுங்கள்.

5700எக்ஸ்3டி-யோடு கூலர் வராது. 2600-உடன் வந்த சிறிய கூலரை அதற்குப் போடாதீர்கள். மாடி கட்டிய கேஷ் மேலே இருப்பதால் கீழே உள்ள கோர்களின் சூடு எளிதில் வெளியேறாது. கோடைக்காலத்தில் நம் ஊர் அறை வெப்பத்தில் இது விளையாட்டல்ல. 120 மிமீ மின்விசிறி கொண்ட சாதாரண டவர் கூலர் போதும், தண்ணீர்க் கூலர் தேவையில்லை.

பவர் சப்ளையைப் பொறுத்தவரை, 4070 எடுப்பது 200 வாட், ப்ராசசருக்கு உச்ச வரம்பே 142 வாட். விளையாடும்போது அவ்வளவு எடுக்காது. என்விடியா 650 என்று சொல்வது எந்தப் பவர் சப்ளையாக இருந்தாலும் தாங்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கை. உங்களுடையது தரமான 550 என்றால் ஓடும். ஆறு ஆண்டு உழைத்தது என்பதால், அடுத்த செலவு அதற்கு என்று குறித்து வையுங்கள்.


நொய்யல் எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன். சூடேற்றித் திருகியும் 2600 கூலரோடுதான் வந்தது. ஒரு மூலையில் இரண்டு ஊசிகள் வளைந்துவிட்டன, புதியதற்கு ஒன்றுமில்லை. பயாஸ் சிக்கலின்றி ஏறியது, டிபிஎம் கேள்வியும் வந்தது, சாவி தாளில் இருந்தது. ரேம் இப்போது 3200-இல் நிற்கிறது.

அதே சேமிப்பு, அதே தெரு. பால்டர்ஸ் கேட் நகரம் 38-இலிருந்து 75. சைபர்பங்க் சந்தை 58-இலிருந்து 100-ஐ ஒட்டி. கார்டு 90-க்கு மேல் உழைக்கிறது. கவுன்டர் ஸ்ட்ரைக்கில் அந்த ஒரு சதவீதக் கணக்கு 80-இலிருந்து 140 ஆகியிருக்கிறது. புகை இப்போது வெறும் புகைதான். பாத் டிரேசிங் 45-இலிருந்து 46. சில்லுக்கடை அண்ணன் சொன்னது அப்படியே.

ஆனால் மூன்றாவது நாள் கவனித்தேன், சைபர்பங்க்கில் வேகமாக வண்டி ஓட்டினால் இன்னும் எப்போதாவது ஒரு வெட்டு விழுகிறது. டாஸ்க் மேனேஜரில் ரேம் 15 ஜிபியைத் தொடுகிறது.


பொருநை எழுதியது:

16 ஜிபி நிரம்பி, மீதியை எஸ்எஸ்டி-யிலிருந்து எடுக்கிறது. பிரவுசரை மூடிவிட்டு ஓட்டிப் பாருங்கள். அப்போது போய்விட்டால், இரண்டு 16 ஜிபி கொண்ட ஒரு ஜோடி வாங்குங்கள். இருப்பதோடு இன்னும் இரண்டு 8-ஐச் சேர்க்க வேண்டாம். நான்கு இடங்களையும் நிரப்பினால் 3200-இல் நிற்காமல் போகலாம்.


அடுக்குமல்லி எழுதியது:

ப்ராசசர், கூலர், இப்போது ரேம், அடுத்து பவர் சப்ளை. ஏஎம்5-க்கான பணத்தில் பாதியைத் தாண்டிவிட்டோம் என்பதைப் பதிவு செய்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன். 75 ஃபிரேமுக்கு வாழ்த்துகள், அது பொய்யில்லை.


நொய்யல் எழுதியது:

பிரவுசரை மூடியதும் வெட்டு நின்றது. ரேம் அடுத்த சம்பளத்துக்கு. வளைந்த இரண்டு ஊசிகளையும் மெக்கானிக்கல் பென்சிலின் முனையில் நுழைத்து மெல்ல நிமிர்த்திவிட்டேன். அந்த 2600-ம் பழைய 1060-ம் இப்போது தங்கையின் கல்லூரிக் கணினியில் ஓடுகின்றன. எக்ஸ்எம்பி போட்டுத்தான் கொடுத்தேன்.